வரப்பில் ஒரு நாடக மேடை: மொசாம்பிக்கின் இளம் உழவர் பள்ளிகள் இயங்கிய விதம்

பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு விவசாயமும் நாடகமும் கற்றுத்தரப் போகிறோம் என்று ஒரு தொண்டு நிறுவனமோ ஐ.நா. அமைப்போ அறிவித்தால் உடனே இரண்டு கேள்விகள் எழும். பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் பாட்டும் கூத்தும் எதற்கு? பள்ளிக்கூடம் போகும் வயதில் மண்வெட்டியைக் கையில் கொடுப்பது குழந்தைத் தொழில் ஆகாதா? 2025-இல் வெளிநாடுகளுக்கு உதவி வழங்கிய அமெரிக்க அரசின் யு.எஸ்.எய்ட் அமைப்பு மூடப்பட்டது. ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்தின் நிதி சுமார் 40 விழுக்காடு குறையும் என்ற அறிவிப்பும் வந்தது. அதன்பின் மூன்றாவது கேள்வி ஒன்றும் சேர்ந்துகொண்டது: வெளிநாட்டுப் பணம் நின்றால் இப்படிப்பட்ட திட்டங்களில் எது மிஞ்சும்?

மூன்றுக்கும் பொதுவாகப் பதில் சொல்லிவிட முடியாது. ஒரு திட்டத்தை எடுத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்குத் தோதானது மொசாம்பிக் நாட்டில் 2003-04-இல் தொடங்கிய ‘இளம் உழவர் வயல் மற்றும் வாழ்க்கைப் பள்ளி’. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக உணவுத் திட்டமும் சேர்ந்து உருவாக்கியது. இந்தப் பள்ளியில் படம் வரைவதையும் நாடகம் போடுவதையும் நீக்கிவிட்டால் கூலி வேலைக்கான பயிற்சி மட்டுமே எஞ்சும் என்பது என் கருத்து. ஏன் அப்படி என்பது கீழே வருகிறது.

## யார் இந்தப் பிள்ளைகள்?

‘எளிதில் பாதிக்கப்படும் பிள்ளைகள்’ என்று அறிக்கைகள் பொத்தாம்பொதுவாக எழுதும். மொசாம்பிக்கில் அதற்குத் திட்டவட்டமான பொருள் இருந்தது.

1975-இல் போர்ச்சுகலிடமிருந்து விடுதலை பெற்ற அந்த நாட்டில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. போர் ஓய்ந்தபோது எச்.ஐ.வி. பரவியது. இந்தப் பள்ளிகள் நடந்த மனிக்கா, மத்திய மொசாம்பிக்கில் ஜிம்பாப்வே எல்லையை ஒட்டி இருக்கும் மாகாணம். பெய்ரா துறைமுகத்திலிருந்து ஜிம்பாப்வேக்குப் போகும் நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் அதன் வழியாகத்தான் செல்கின்றன. லாரிகளும், போர்க்காலத்தில் அந்தப் பாதையைக் காத்த படைகளும், பிழைப்புத் தேடி வந்தவர்களும் கலந்த இடம் அது. தொற்று அங்கே கூடுதலாக இருந்ததில் வியப்பில்லை.

2003 இறுதியில் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் எய்ட்ஸால் தாயையோ தந்தையையோ இருவரையுமோ இழந்த பிள்ளைகள் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேல் என ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டன. அதே காலத்தில் அந்தப் பகுதியில் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துச் சிகிச்சை பெற்றவர்கள் சுமார் 1 லட்சம் பேர் மட்டுமே. நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு மருந்தே கிடைக்கவில்லை என்று இதற்குப் பொருள்.

இந்த நோய் ஒரு விவசாயக் குடும்பத்தைச் சரிக்கும் விதம் பஞ்சத்திலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் வேறுபட்டது.

1. எச்.ஐ.வி. தாக்குவது பெரும்பாலும் உழைக்கும் வயதில் இருப்பவர்களை. கிழவியும் குழந்தைகளும் மிஞ்சுவார்கள். உழுது விதைக்கும் ஆள் இருக்காது.
2. நோயாளியைக் கவனிக்க ஒருவர் வீட்டிலேயே இருக்க வேண்டும். அது பெரும்பாலும் மூத்த பெண் பிள்ளையின் தலையில் விழுகிறது. அவள் பள்ளி நிற்கிறது.
3. மருந்துக்கும் சாவுச் செலவுக்கும் ஆடு மாடுகள் விற்கப்படுகின்றன. அதிக வேலை வாங்கும் பயிர்களைக் கைவிட்டு, நட்டுவிட்டுச் சும்மா விடக்கூடிய மரவள்ளிக்குக் குடும்பம் மாறுகிறது. தட்டில் பருப்பும் கீரையும் குறைகின்றன.
4. கடைசியில், அப்பாவும் அம்மாவும் சொல்லித்தந்திருக்க வேண்டிய விவசாயம் சொல்லப்படாமலே போய்விடுகிறது. எந்த மழைக்கு எதை விதைப்பது, விதையை எப்படிக் காய வைத்து எடுத்து வைப்பது, எந்த நிலம் தண்ணீர் தேக்கும் என்பதெல்லாம் புத்தகத்தில் இல்லை. கூடவே வயலுக்குப் போய்க் கற்பது அது.

இந்த நான்காவது இழப்பை உணவுப் பொட்டலத்தால் ஈடுகட்ட முடியாது. பதினைந்து வயதில் நிலமும் தம்பி தங்கையும் தன் பொறுப்பில் வந்துவிட்ட ஒரு பையனுக்கு, அந்த நிலத்தை என்ன செய்வது என்று சொல்ல ஆள் இல்லை. பள்ளியின் பெயரில் ‘வயல்’ இருப்பதற்குக் காரணம் இது. ‘வாழ்க்கை’ இருப்பதற்கான காரணம், அந்தப் பையனும் அவன் அக்காவும் சுமந்த வேறொன்று. எய்ட்ஸ் சாவைப் பற்றி ஊர் பேசாது. பிள்ளைகளும் பேசக் கூடாது. துக்கத்தோடு அவமானமும் சேர்ந்துகொண்டது.

## புகையானிலிருந்து தொடங்கிய வழி

இந்தப் பள்ளியின் வேர் ஆப்பிரிக்காவில் இல்லை. இந்தோனேசிய நெல் வயலில் இருக்கிறது.

இந்தோனேசியா 1984-இல் அரிசியில் தன்னிறைவு அடைந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் புகையான் பூச்சி பெரும் பரப்பில் நெல்லைக் கருக்கியது. மானிய விலையில் கொட்டிய பூச்சிக்கொல்லிதான் காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். மருந்து புகையானைத் தின்னும் சிலந்திகளையும் வண்டுகளையும் கொன்றது. தப்பித்த புகையான் எதிரியே இல்லாத வயலில் பல்கிப் பெருகியது. 1986 நவம்பரில் அதிபரின் ஆணை ஒன்று 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குத் தடை செய்தது.

தடை மட்டும் போதாது. ‘தெளிக்காதே’ என்று சொன்னால் கேட்கக்கூடியவரா விவசாயி? வயலில் நடப்பதைத் தானே பார்த்து முடிவெடுக்க அவருக்கு ஒரு வழி வேண்டும். 1989-இல் உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு அங்கே தொடங்கியவை உழவர் வயல்வெளிப் பள்ளிகள். இருபத்தைந்து, முப்பது விவசாயிகள் ஒரு பருவம் முழுக்க வாரம் ஒரு முறை வயலில் கூடுவார்கள். இந்தப் பெயர் நம் வேளாண் துறையிலும் புழங்குகிறது. தமிழ்நாட்டில் நடக்கும் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் இதே மரபில் வந்தவை.

அந்தக் கூட்டத்தின் உயிர்நாடி ‘வேளாண் சூழல் ஆய்வு’ என்ற பயிற்சி:

1. ஐந்தாறு பேர் கொண்ட குழுக்கள் வயலுக்குள் இறங்கி, சில செடிகளைத் தேர்ந்து இலை, தண்டு, வேர் எல்லாம் பார்ப்பார்கள். பூச்சிகளை எண்ணுவார்கள். மண்ணையும் ஈரத்தையும் பார்ப்பார்கள்.
2. நிழலுக்கு வந்து பெரிய தாளில் படம் வரைவார்கள். நடுவில் பயிர். மேலே வெயிலோ மேகமோ. ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சிகள், மறு பக்கம் அவற்றைத் தின்னும் பூச்சிகள்.
3. ஒருவர் எழுந்து படத்தைக் காட்டி விளக்குவார். வாரத்துக்கு ஒருவர் என்று ஆள் மாறும்.
4. மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். இந்த வாரம் என்ன செய்வது என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுப்பார்கள்.

வரைவதற்காகப் பார்க்கும் பார்வை வேறு. சிலந்திக்கு எத்தனை கால், அது இலையின் எந்தப் பக்கம் இருந்தது என்பதெல்லாம் வரைய உட்காரும்போதுதான் கேள்வியாக வரும். பதில் தெரியாதவர் மறுபடி வயலுக்குப் போவார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இங்கே தன் ஆய்வை ஊர் முன் வைக்க முடிந்தது. ஓவியம் இந்த வழிமுறைக்குள் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. பிற்பாடு யாரும் கொண்டுவந்து ஒட்டவில்லை.

## மனிக்காவில் ஒரு பள்ளி

மொசாம்பிக்கில் வயல்வெளிப் பள்ளியைப் பிள்ளைகளுக்காக மாற்றி அமைத்தார்கள். 12 முதல் 18 வயதுக்குள் முப்பது பேர் வரை, ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமமாக, ஒரு குழுவில் இருப்பார்கள். நாட்டின் பள்ளிகளில் ஷிஃப்ட் முறை உண்டு. அரை நாள் வகுப்பு முடிந்தால் மீதி நேரம் ஓய்வு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் அந்த நேரத்தில் பிள்ளைகள் பள்ளியின் ‘மஷாம்பா’வில், அதாவது விளைநிலத்தில், கூடினார்கள். விதைப்புக்கு முந்தைய திட்டமிடல் முதல் அறுவடைக்குப் பிந்தைய சேமிப்பு வரை ஒரு முழுப் பயிர்ச் சுற்று பாடத்திட்டமாக இருந்தது. பெரியவர்கள் மூன்று வகையினர்: வேளாண் விரிவாக்கப் பணியாளர், பள்ளி ஆசிரியர், பாட்டும் நாடகமும் விளையாட்டும் நடத்தும் உள்ளூர்க்காரர். சாப்பாடு உலக உணவுத் திட்டத்துடையது.

பாடங்கள் இரட்டையாக ஓடும். வயலில் கேட்ட கேள்வி அன்றைக்கே வாழ்க்கைக்கும் திரும்பும்.

மக்காச்சோளச் செடி வளர என்னென்ன தேவை என்று பிள்ளைகள் பட்டியலிடுவார்கள்: தண்ணீர், உரம், வெயில், இடம். அதே தாளின் மறுபுறம், எனக்கு வளர என்னென்ன தேவை? செடியைத் தாக்குபவை எவை, காப்பவை எவை என்று படம் போட்ட கையோடு, என்னை அச்சுறுத்துபவை எவை, எனக்குத் துணை யார்? ஒரே பயிரைப் போட்டால் ஒரு நோயில் எல்லாம் போய்விடும் என்று படித்த நாளில், ஊரில் விலக்கிவைக்கப்பட்ட குடும்பத்தைப் பற்றிய பேச்சு வரும். எச்.ஐ.வி., பாலியல் வன்முறை, சொத்துப் பறிப்பு போன்ற, நேரடியாகக் கேட்டால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காத விஷயங்களுக்குள் செடியின் வழியே போக முடிந்தது. பயிற்றுநர்கள் இதைத் தந்திரம் என்று நினைக்காமல் மரியாதையாகக் கையாண்டால் மட்டுமே இது பலிக்கும். செடி பற்றிய பேச்சு உண்மையிலேயே செடி பற்றியதாகவும் இருக்க வேண்டும். பிள்ளைகளை ஏமாற்ற முடியாது.

பிறகு இந்த முறை கென்யா, மலாவி, தான்சானியா, உகாண்டா, ஜிம்பாப்வே, சூடான் எனப் பல நாடுகளுக்குப் போனது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே மேற்குக் கரையிலும் காசாவிலும்கூட நடத்தப்பட்டது. எய்ட்ஸ் இல்லாத இடத்தில் போர், இடப்பெயர்வு, வேலையின்மை என்று உள்ளடக்கம் மாறியது; வயலும் வாழ்க்கையும் சேர்ந்த அமைப்பு மாறவில்லை.

## கலை செய்யும் வேலை

இத்தகைய திட்டங்களை விமர்சிப்பவர்கள் கலையை மிட்டாயாகப் பார்க்கிறார்கள். பாடம் கசக்காமல் இருக்க மேலே பூசுவது என்று. திட்டம் நடத்துபவர்களிலும் சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். விருந்தினர் வரும் நாளில் பிள்ளைகளுக்குச் சீருடை மாட்டி ஆடவிட்டுப் படம் எடுப்பதோடு அவர்களுக்குக் கலை முடிந்துவிடும். அதற்காகச் செலவிடும் நேரத்தை மதிய உணவுக்குச் செலவிடலாம் என்ற வாதத்தோடு நான் முழுக்க உடன்படுகிறேன். இங்கே பேசும் கலை வேறு.

பிரேசிலின் நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1970-களில் உருவாக்கிய ‘மன்ற அரங்கு’ என்ற வடிவத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சிறு நாடகம். அநீதிக்கு உள்ளானவர் தோற்பதில் முடியும். உடனே அதே நாடகம் மறுபடி தொடங்கும். இம்முறை பார்வையாளர் யார் வேண்டுமானாலும் ‘நிறுத்து’ என்று சொல்லி, மேடை ஏறி, தோற்றவரின் இடத்தில் நின்று வேறு விதமாக நடித்துப் பார்க்கலாம். எதிர்த் தரப்பாக நடிப்பவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஒருவர் முயன்று தோற்றால் இன்னொருவர் வருவார். 1985-இல் தொடங்கிய ஜன சம்ஸ்கிருதி அமைப்பு மேற்கு வங்கக் கிராமங்களில் விவசாயத் தொழிலாளர்களோடு இதே மரபில் இயங்கிவருகிறது.

மொசாம்பிக்கில் நாடகத்துக்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. அப்பா இறந்த சில மாதங்களில் சித்தப்பா வருகிறார். ‘இந்த நிலம் நம் வம்சத்துடையது, உன் அம்மாவுக்கு உரிமை இல்லை’ என்கிறார். பையன் தலைகுனிகிறான். நாடகம் முடிகிறது.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். 1997-ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி மொசாம்பிக்கில் எல்லா நிலமும் அரசுக்குச் சொந்தம். மக்களுக்கு இருப்பது பயன்படுத்தும் உரிமை. ‘டுவாட்’ என்று அழைக்கிறார்கள். ஊர் வழக்கப்படி அனுபவித்து வரும் நிலத்துக்குப் பத்திரம் இல்லாவிட்டாலும் அந்த உரிமை உண்டு. அது வாரிசுகளுக்குப் போகும், பெண்களுக்கும் ஆண்களுக்கும் சமமாக. தகராறு வந்தால் ஊர்க்காரர்களின் வாய்மொழிச் சாட்சியம் செல்லும். ஆப்பிரிக்காவின் முற்போக்கான நிலச் சட்டங்களில் இதுவும் ஒன்று என்று பலரும் சொல்வார்கள். ஆனால் சித்தப்பா முன்னால் நிற்கும் பதினான்கு வயதுப் பையனுக்குச் சட்டம் தெரியாது. தெரிந்தாலும் அதை வாயால் சொல்லத் தைரியம் வராது.

மன்ற அரங்கில் ஒரு பிள்ளை அழுது பார்க்கும், பலிக்காது. இன்னொன்று சண்டை போடும், அதுவும் பலிக்காது. மூன்றாவது பிள்ளை பக்கத்து நிலத்துக் கிழவரைச் சாட்சியாக அழைத்துக்கொண்டு ‘ரெகுலோ’விடம், அதாவது ஊர்த் தலைவரிடம் போகலாம் என்று எண்ணும். இங்கே சட்டம் தெரிந்த பெரியவர் குறுக்கிட்டு, சாட்சியம் செல்லும் என்று விளக்க இடம் கிடைக்கிறது. இதே நாடகத்தை ஊர் முன் போட்டால் பார்வையாளர் வரிசையில் ரெகுலோவும் இருப்பார். சித்தப்பாக்களும் இருப்பார்கள். ஊர் முன் ஒரு முறை பேசப்பட்ட அநீதியை அதற்குப் பிறகு மறைவாகச் செய்வது கடினம்.

ஆக, கலை இங்கே செய்யும் வேலைகள் இவை:

1. கூர்ந்து பார்க்க வைக்கிறது (வயல் ஓவியம்).
2. சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு பாத்திரத்தின் மறைப்பைத் தருகிறது.
3. ஆபத்தான செயலை ஆபத்தில்லாத இடத்தில் ஒத்திகை பார்க்க விடுகிறது.
4. பிள்ளையின் குரலை ஊருக்குக் கேட்க வைக்கிறது. அநாதை என்று பரிதாபப்பட்ட ஊர், அவன் விளைச்சலைப் பற்றி விளக்குவதை உட்கார்ந்து கேட்கிறது.

துக்கத்தின் பக்கமும் ஒன்று உண்டு. உகாண்டாவில் 1990-களின் பிற்பகுதியில் எச்.ஐ.வி. உள்ள தாய்மார் தங்கள் பிள்ளைகளுக்காக ‘நினைவுப் புத்தகம்’ எழுதத் தொடங்கினார்கள். நீ பிறந்த நாள் மழை பெய்தது, உன் பாட்டி ஊர் இது, உனக்குப் பிடித்த சாப்பாடு இது என்று எழுத்தும் படமுமாகக் குடும்பக் கதை. எழுதுவதற்காகவே தாய் தன் நோயைப் பிள்ளையிடம் சொல்ல வேண்டி வந்தது. அந்தப் பேச்சு நடந்துவிட்டால், அவள் போன பிறகு பிள்ளையை யார் வளர்ப்பது என்ற ஏற்பாட்டையும் அவள் உயிரோடு இருக்கும்போதே செய்ய முடிந்தது. ஒரு நோட்டுப் புத்தகத்துக்கு இவ்வளவு வலு இருக்கும் என்று திட்ட அறிக்கைகளைப் படித்தால் தெரியாது.

## மண்ணைக் காக்கும் விவசாயம் ஏன்?

‘நீடித்த வேளாண்மை’ என்றால் மண்வளத்தையும் நீரையும் விதையையும் தீர்த்துவிடாமல் பயிர் செய்வது. மனிக்காவில் இதைத் தேர்ந்ததற்குக் கொள்கைப் பிடிப்பைவிட நடைமுறைக் காரணங்கள் வலுவானவை. பிள்ளைகளிடம் உரம் வாங்கக் காசு இல்லை. ஆழ உழ உடல்வலு இல்லை. விதை தீர்ந்தால் கடன் கொடுக்கவும் ஆள் இல்லை.

அதனால் மூடாக்கு: வைக்கோலும் சருகும் பரப்பிவிட்டால் களை எடுக்கும் வேலை குறையும், ஈரம் நிற்கும். மக்காச்சோளத்துக்கு இடையே காராமணியும் துவரையும்: மண்ணில் தழைச்சத்து ஏறும், தட்டில் பயறு விழும். கென்யாவின் பூச்சி ஆய்வு மையமான இசிப்பே பிரிட்டன் ஆய்வாளர்களோடு சேர்ந்து 1990-களில் உருவாக்கிய ‘தள்ளி இழுக்கும்’ முறை இந்த வகை அறிவியலுக்கு அழகான எடுத்துக்காட்டு. மக்காச்சோள வரிசைகளுக்கு இடையே டெஸ்மோடியம் என்ற பயறினச் செடி. அதன் வாடை தண்டுத் துளைப்பானின் அந்துப்பூச்சியை விரட்டும். அதன் வேர்ச்சுரப்பு சுடுமல்லிக் களையை ஒழிக்கும். வயலைச் சுற்றி நேப்பியர் புல். அந்துப்பூச்சி அதில் போய் முட்டையிடும், ஆனால் புல்லின் பசையில் சிக்கிப் புழுக்கள் பெரும்பாலும் சாகும். புல்லையும் டெஸ்மோடியத்தையும் அறுத்து மாட்டுக்குப் போடலாம். 2016-இல் ஆப்பிரிக்காவில் நுழைந்து, 2018-இல் நம் மக்காச்சோள வயல்களையும் சூறையாடிய அமெரிக்கப் படைப்புழுவின் தாக்குதலும் இந்த முறை பின்பற்றும் வயல்களில் குறைவு என்று பிற்பாடு நடந்த ஆய்வுகள் காட்டின.

இன்னொரு பயிரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கலையும் விவசாயமும் ஒன்றாகச் சேர்ந்ததன் பலனை அங்கே எண்ணில் பார்க்கலாம். மொசாம்பிக்கில் சர்க்கரைவள்ளி பழைய பயிர். ஆனால் மக்கள் சாப்பிட்டது வெள்ளைச் சதை உள்ள கிழங்கு. ஆரஞ்சுச் சதைக் கிழங்கில் வைட்டமின் ஏ ஆகும் சத்து நிறைய. வைட்டமின் ஏ குறைந்தால் பிள்ளைகளின் கண்ணும் நோய் எதிர்ப்பும் பாதிக்கும். ஸாம்பேசியா மாகாணத்தில் 2003 முதல் 2005 வரை நடந்த ஒரு திட்டம் கொடிகளைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. ஊர் நாடகம், பாட்டு, வானொலி நிகழ்ச்சி, ஆரஞ்சு வண்ணம் பூசிய சந்தைக் கடை என்று ஊரையே அந்த நிறத்தால் பேச வைத்தது. திட்டம் நடந்த ஊர்களில் இரத்தத்தில் வைட்டமின் ஏ குறைவாக இருந்த சிறு பிள்ளைகளின் பங்கு 60 விழுக்காட்டிலிருந்து 38-க்கு இறங்கியது. நடக்காத ஊர்களில் பெரிய மாற்றம் இல்லை. மரியா அந்த்ராதே என்ற பயிர் அறிவியலாளரின் குழு 2011-இல் மொசாம்பிக்கில் வறட்சி தாங்கும் 15 ரகங்களை வெளியிட்டது. 2016-இன் உலக உணவுப் பரிசு பெற்ற நால்வரில் அவரும் ஒருவர்.

கையில் காசில்லாத பிள்ளைக்கு இந்தப் பயிர் பொருந்துவதற்கு எளிய காரணம் உண்டு. விதை வாங்க வேண்டாம். பக்கத்து வீட்டில் ஒரு முழம் கொடி கேட்டு வாங்கி நட்டால் போதும்.

## இது குழந்தைத் தொழில் ஆகாதா?

நியாயமான கவலை. உலகத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் 2024-ஆம் ஆண்டுக்குத் தந்த கணக்கில், குழந்தைத் தொழிலில் இருப்பவர்கள் 13 கோடியே 80 லட்சம்; அவர்களில் 61 விழுக்காட்டினர் விவசாயத்தில். மனிக்காவின் பருத்தி, புகையிலை வயல்களில் பெரியவர் கூலிக்குப் பதில் பிள்ளையின் கூலி என்ற ஆபத்து கண்ணெதிரே உள்ளது.

பன்னாட்டு உடன்படிக்கைகள் பிரித்துப் பார்ப்பது வேலையின் தன்மையை. 1973-ஆம் ஆண்டின் 138-ஆவது உடன்படிக்கை, பள்ளிப் படிப்பைக் கெடுக்காத, உடலுக்குத் தீங்கில்லாத இலகுவான வேலையை 13 வயதிலிருந்தும், வளரும் நாடுகளில் 12 வயதிலிருந்தும் அனுமதிக்கிறது. 1999-இன் 182-ஆவது உடன்படிக்கை ஆபத்தான வேலையை 18 வயது வரை தடை செய்கிறது. இதன்படி ஒரு பள்ளி வயல் கல்வியா, தொழிலா என்று அறியச் சில சோதனைகள் போதும். பிள்ளை பள்ளிக்குத் தொடர்ந்து போகிறதா? பூச்சிக்கொல்லியும் கனத்த சுமையும் அதன் கையில் படாமல் இருக்கிறதா? விளைச்சல் யாருக்குப் போகிறது? என்ன விதைப்பது என்று முடிவெடுப்பவர் யார்?

நான்காவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. படம் வரைந்து, விளக்கி, வாதிட்டு முடிவெடுக்கும் பிள்ளை மாணவர். சொன்ன இடத்தில் குழி தோண்டும் பிள்ளை கூலியாள். கலையை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று தொடக்கத்தில் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

## முறியும் இடங்கள்

இவ்வளவு நல்ல முறை ஏன் எங்கும் நிலைத்துப் பரவவில்லை? குறைகளை மறைத்தால் அடுத்த திட்டமும் அதே பள்ளத்தில் விழும்.

1. தரம். வயல்வெளிப் பள்ளிகள் பற்றி 2014-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, பங்கேற்ற விவசாயிகளின் விளைச்சல் சராசரியாக 13 விழுக்காடு கூடியதாகச் சொன்னது. ஆனால் பக்கத்து வயலுக்கு அந்த அறிவு பரவவில்லை. சிறிய அளவில் கவனமாக நடத்தியபோது கிடைத்த பலன் பெரிதாக்கியபோது தேய்ந்தது. இந்தோனேசியாவிலேயே, திட்டம் பெரிதான காலத்தை ஆராய்ந்து உலக வங்கி ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் விளைச்சலிலோ பூச்சிக்கொல்லிப் பயன்பாட்டிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. கேட்டுக் கேட்டு நடத்த வேண்டிய வகுப்பை மனப்பாட வகுப்பாக்கினால் இதுதான் நடக்கும்.

2. ஆள். ஒரு பிள்ளையின் துக்கத்தைத் திறந்துவிட்ட பெரியவர் திட்டம் முடிந்ததும் போய்விட்டால், அது இன்னொரு இழப்பு. இரண்டு மூன்று ஆண்டு நிதிச் சுற்றில் ஓடும் திட்டங்களின் ஆறாத புண் இது. உள்ளூர் ஆசிரியரும் உள்ளூர் நாடகக்காரரும் நடத்தும் பள்ளிகளுக்கு இந்த ஆபத்து குறைவு.

3. வயது. பதினெட்டில் பள்ளி முடிகிறது. அப்போதுதான் சந்தை, கடன், கூட்டுறவு எல்லாம் தேவைப்படும். பிற்காலத்துத் திட்டங்கள் வயது வரம்பை உயர்த்தி, வரவு செலவுக் கணக்கையும் கூட்டாக விற்பதையும் பாடத்தில் சேர்த்தது இந்தக் குறையைக் கண்டுதான்.

4. சாப்பாடு. மதிய உணவுக்காக வரும் பிள்ளைகள் உணவு நின்றால் வருவது குறையும். அதில் பிள்ளைகளின் குற்றம் ஏதுமில்லை. பள்ளி வயலின் விளைச்சலே சமையலறைக்குப் போகும்படி தொடக்கத்திலிருந்து கட்டிய இடங்கள், வெளியுதவி குறையும்போது அந்த இடியைத் தாங்கும். மூன்றாவது கேள்விக்கான பதிலில் பாதி இங்கே இருக்கிறது: பணம் நின்றால் நாடகமும் மூடாக்கும் விதை சேமிப்பும் நிற்க வேண்டியதில்லை, நிற்பது உணவும் மேற்பார்வையும் விரிவாக்கப் பணியாளரின் பயணப்படியும்.

5. நிலம். எல்லாக் கற்றலும் கடைசியில் இங்கே வந்து நிற்கும். பயிற்சி பெற்ற பிள்ளைக்கு நிலம் இல்லையென்றால் அவன் அடுத்தவர் வயலில் நல்ல கூலியாளாக ஆவான், அவ்வளவே.

## இப்போது யாருக்கு இது தேவை?

2019 மார்ச்சில் இடாய் புயல் பெய்ரா வழியே கரையேறி மனிக்காவையும் மூழ்கடித்தது. மக்காச்சோளம் அறுவடைக்குச் சில வாரங்களே இருந்தன; மொசாம்பிக்கில் மட்டும் 7 லட்சம் ஹெக்டேர் பயிர் போனது. வடக்கே காபோ டெல்காடோ மாகாணத்தில் 2017 அக்டோபரில் தொடங்கிய ஆயுத மோதல், 2022-இன் இறுதிக்குள் சுமார் 10 லட்சம் பேரை இடம்பெயர வைத்தது. கூட்டு மருந்து பரவலாகக் கிடைக்கத் தொடங்கியதால் எய்ட்ஸ் சாவுகள் குறைந்துவந்த நாட்டில், பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளின் புதிய தலைமுறை ஒன்று உருவாகியிருக்கிறது.

மனிக்காவின் பாடத்தை அப்படியே அங்கே கொண்டுபோக முடியாது. மனிக்காவின் பிள்ளைக்குத் தகராறில் சிக்கிய நிலமாவது இருந்தது. காபோ டெல்காடோவின் பிள்ளை இன்னொருவர் ஊரில் இரவல் நிலத்தில் நிற்கிறது. ஊர் வழக்கில் மரம் நட்டால் நிலத்துக்கு உரிமை கோருவதாகப் பொருள். அதனால் நிலம் கொடுத்தவர்கள் மரம் நட விடமாட்டார்கள். முந்திரியும் மாவும் அங்கே பாடத்தில் சேராது. மூன்று முதல் ஐந்து மாதத்தில் விளையும் சர்க்கரைவள்ளி, காராமணி, கீரை வகைகள்தான் பொருந்தும். நாடகமும் மாற வேண்டும். சித்தப்பாவின் இடத்தில் நிலம் கொடுத்த ஊர்க்காரர் வருவார், அவரை வில்லனாக்க முடியாது. தன் கிணற்றையும் காட்டையும் பங்கிட்டுக்கொண்டு அவரும் தவிக்கிறார். வந்தவர்களின் பிள்ளைகளும் இருந்தவர்களின் பிள்ளைகளும் ஒரே குழுவில் சேர்ந்து அந்த நாடகத்தைக் கட்ட வேண்டும், ஒரே வயலில் விதைக்க வேண்டும். எத்தனை பருவங்களுக்கு இந்த நிலம், விளைச்சலில் யாருக்கு எவ்வளவு என்ற பேச்சை, முதல் விதை விழும் முன்பே ரெகுலோவின் முன்னிலையில் பேசி எழுதி வைத்துவிட வேண்டும்.